சீனத்துக் கிராமத்தைக் கற்ற அறிஞர்

சீன தேசத்தின் சென்ற நூற்றாண்டுச் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் போர்களையும் புரட்சிகளையும் தலைவர்களின் போட்டிகளையும் பற்றியே எழுதுகிறார்கள். அவை முக்கியமானவையே. ஆனால், அத்தேசத்து ஜனங்கள் ஒருவரோடொருவர் எவ்வாறு சேர்ந்து வாழ்ந்தனர், யாரை நம்பிக் கடன் கொடுத்தனர், எந்தக் காரியத்துக்கு ஒன்று கூடினர், எதற்குக் கூட மறுத்தனர் என்ற கேள்விகளுக்கு விடை காணாமல் அந்தப் போர்களையும் புரட்சிகளையும்கூட நாம் சரிவர விளங்கிக்கொள்ள இயலாது. இக்கேள்விகளையே தம் வாழ்நாளின் வேலையாகக் கொண்டவர் ஃபெய் ஷியாவ்துங். 1910-இல் பிறந்து 2005-இல் காலமான இவ்வறிஞரின் வாழ்க்கையை நேயர்களுக்குச் சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகிறோம். உண்மையைக் கண்டறிவது எவ்வளவு கடினம், கண்டதைச் சொல்லுவோன் என்ன விலை கொடுக்க நேரும், அதைக் கேளாத இராஜ்யம் என்ன விலை கொடுக்கும் என்ற மூன்றையும் இவருடைய வாழ்வு ஒருங்கே காட்டுகிறது.

ஃபெய் என்பது குடும்பப் பெயர். சீன வழக்கப்படி அதுவே முதலில் வரும். கியாங்சு மாகாணத்தில், சூச்சௌ நகருக்குத் தெற்கே, கால்வாய்களும் நெல்வயல்களும் மல்பெரித் தோட்டங்களும் நிறைந்த வூஜியாங் என்னும் ஊரில், 1910-ஆம் வருஷம் நவம்பர் 2-ஆம் தேதி, ஐந்து குழந்தைகளில் கடைசியாக அவர் பிறந்தார். தந்தையார் ஜப்பானில் கற்றுத் திரும்பிக் கல்வி வளர்ச்சிக்குப் பாடுபட்டவர். தாயார் அவ்வூரில் குழந்தைகள் பள்ளி ஒன்றை நிறுவியவர். தமக்கை ஃபெய் தாஷெங் ஜப்பானில் பட்டுத் தொழிலைக் கற்று வந்து, அதை ஏழைக் குடியானவர்களின் வீடுகளுக்குக் கொண்டு செல்லவேண்டும் என்று தம் வாழ்வையே அர்ப்பணித்தவர். இந்தத் தமக்கையின் முயற்சியே பின்னாளில் தம்பியின் ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று.

1928-இல் சூச்சௌவிலிருந்த சர்வகலாசாலையில் வைத்தியப் படிப்புக்காகவே அவர் சேர்ந்தார். இரண்டு வருஷங்களுக்குள் அவருடைய மனம் மாறியது. தனி மனிதனின் பிணியைத் தீர்ப்பதைக் காட்டிலும், ஒரு சமூகம் முழுவதையும் வருத்தும் வறுமையின் காரணத்தை அறிவதே மேலான காரியம் என்று கருதிப் பெய்ஜிங்கிலிருந்த யென்சிங் சர்வகலாசாலைக்குச் சென்று சமூக சாஸ்திரம் பயிலத் தொடங்கினார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் வூ வென்சாவ். மேனாட்டார் தங்கள் சமூகங்களைப் பார்த்து எழுதிய புத்தகங்களை மனப்பாடம் செய்வதால் சீனத்துக்குப் பயனில்லை; சீனத்தைச் சீனர்களே நேரில் சென்று பார்த்து ஆராயவேண்டும் என்பது அவ்வாசிரியரின் கொள்கை. 1932-இல் அங்கு வந்து போதித்த அமெரிக்க அறிஞர் ராபர்ட் பார்க்கும் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே சென்று பார்க்கும்படியே மாணாக்கர்களைத் தூண்டினார். அதன் பின்னர் ஃபெய் சிங்ஹுவா சர்வகலாசாலையில் ருஷிய அறிஞர் ஷிரோகோகோரோவிடம் இரண்டு வருஷம் பயின்று 1935-இல் பட்டம் பெற்றார்.

அவ்வருஷம் அவருக்கு விவாகம் நடந்தது. மணமகள் வாங் துங்ஹுயி, உடன் பயின்ற மாணவி. தம்பதிகள் இருவரும் குவாங்சி மாகாணத்து மலைகளில் வாழும் யாவ் மக்களின் சமூக அமைப்பை ஆராயப் புறப்பட்டனர். டிசம்பர் மாதத்தில் ஒருநாள் வழிகாட்டியைப் பிரிந்து காட்டில் வழி தவறினார்கள். புலிக்காக வைத்திருந்த பொறியில் ஃபெய் அகப்பட்டுக்கொண்டார். கற்கள் சரிந்து விழுந்து எழ முடியாதபடி காயமுற்ற கணவரின் மேலிருந்த கற்களை அகற்றிவிட்டு, உதவி தேடி இருட்டில் சென்ற அந்த இளம்பெண் திரும்பவில்லை. மறுநாள் தவழ்ந்து சென்ற ஃபெய் மலைவாசிகளால் காப்பாற்றப்பட்டார். சில நாட்களுக்குப் பின்னர் அவர் மனைவியின் சடலம் ஓடையில் கண்டெடுக்கப்பட்டது. அவர்கள் மணம் புரிந்து வாழ்ந்தது 108 நாட்களே.

இத்தகைய இடி விழுந்தவன் அந்தத் தொழிலையே வெறுத்து ஒதுக்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஃபெய் அவ்வாறு செய்யவில்லை. படுக்கையிலிருந்தபடியே இருவரும் சேகரித்த குறிப்புகளைக் கோவைப்படுத்தி, யாவ் மக்களின் சமூக ஸ்தாபனங்களைப் பற்றிய நூலாக 1936-இல் வெளியிட்டார். நூலாசிரியராக மனைவியின் பெயரே முதலில் நின்றது.

உடம்பு தேறுவதற்காக அவ்வருஷக் கோடையில் தமக்கை வேலை செய்துகொண்டிருந்த கைஷியன்குங் கிராமத்துக்குச் சென்றார். தைஹூ ஏரியின் தென்கிழக்குக் கரையிலுள்ள சிற்றூர் அது. ஜனத்தொகை 1,458. நெல்லும் பட்டும் அவர்களுடைய ஜீவனம். உலகச் சந்தையில் பட்டு விலை வீழ்ந்தபோது குடிசைதோறும் நூல் நூற்ற பெண்களின் வருமானம் போயிற்று. கடன் ஏறியது. இதற்குப் பரிகாரமாகத் தாஷெங் அம்மையாரும் அவருடைய சகாக்களும் கிராமவாசிகளையே பங்குதாரர்களாகக் கொண்ட கூட்டுறவுப் பட்டாலை ஒன்றை 1929-இல் அங்கே நிறுவியிருந்தனர். ஓய்வெடுக்க வந்த ஃபெய்யின் கண்ணுக்கு அந்த ஆலையே பெரிய ஆராய்ச்சிப் பொருளாகத் தோன்றியது.

ஆலையின் விதிகளைப் படித்தால், அது ஜனநாயகத்தின் திருவுருவமாகவே தோன்றும். பங்குதாரர்களே எஜமானர்கள், அவர்களுடைய மகாசபையே உயர்ந்த அதிகாரம். ஆனால் ஃபெய் நேரில் பார்த்தது வேறு. லாபம் பங்கிடப்படுகிறதா என்பதைப் பற்றியே பங்குதாரர்கள் கவலைப்பட்டனர். தங்களுக்கு உரிய அதிகாரம் இன்னதென்பது அவர்களுக்குப் பழக்கமில்லாத விஷயம். தலைவர்கள் சொன்னபடி நடந்தார்கள். முன்பு முந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள் வீட்டிலிருந்தபடி செய்த வேலைக்கு இப்போது சுமார் 70 பேர் போதும் என்றாயிற்று, எஞ்சியவர்கள் வேலையற்றிருந்தனர். மற்றொரு புறம், கூலி பெற்ற பெண்களின் அந்தஸ்து உயர்ந்தது. மழை பெய்தும் தனக்குக் குடை கொண்டுவந்து தராத கணவனை ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண் எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டாள் என்பதையும் அவர் குறித்து வைத்தார். அற்ப விஷயம் என்று பிறர் தள்ளக்கூடியதில் ஒரு குடும்பத்தின் தராசுத் தட்டு சாய்வதை அவர் கண்டார்.

அதே கிராமத்தில் நமது நாட்டுச் சீட்டை ஒத்த ஓர் ஏற்பாடும் இருந்தது. கலியாணத்துக்கோ ஈமக் கடனுக்கோ பணம் வேண்டியவன் மாமன், மைத்துனன், சகோதரியின் கணவன் முதலான உறவினரைச் சேர்த்து ஒரு வட்டம் அமைப்பான். முதல் தொகை அவனுக்கு. பிறகு ஒவ்வொருவருக்கும் முறைப்படி கிடைக்கும். இதற்கு எழுதிய விதியும் இல்லை, மகாசபையும் இல்லை. எனினும் உறவின் பலத்தால் அது நடந்தது. கடினகாலம் வந்து உறவினரின் கையிலும் பணம் வறண்டபோதே அது தளர்ந்தது. காகிதத்தில் முழுமையாக இருந்த ஸ்தாபனம் ஜனங்களின் மனத்தில் வேரூன்றவில்லை. காகிதமே இல்லாத ஸ்தாபனம் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தது. வழக்கு மன்றங்களில் பழகிய நம்மைப் போன்றவர்களுக்கு இந்த வேற்றுமை புதிதன்று. ஆனால் அதை ஒரு கிராமம் முழுவதும் அளந்து, கணக்கெடுத்து, சாஸ்திர முறையில் நிரூபித்தவர் ஃபெய்.

இந்தக் குறிப்புகளுடன் அவர் லண்டன் சென்று புகழ்பெற்ற ஆசிரியர் மாலினோவ்ஸ்கியிடம் பயின்று 1938-இல் டாக்டர் பட்டம் பெற்றார். சீனக் குடியானவர் வாழ்க்கையைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1939-இல் மாலினோவ்ஸ்கியின் முகவுரையுடன் வெளிவந்தது. தூரத்துத் தீவுகளில் வாழும் சிறு கூட்டங்களையே அதுவரை ஆராய்ந்து வந்த மேனாட்டு அறிஞர்களுக்கு, பழைய நாகரிகம் படைத்த தேசத்தின் மகன் ஒருவன் தன் சொந்த மக்களையே அம்முறையில் ஆராய்ந்தது வியப்பாக இருந்தது. அந்நூலின் சீன மொழிபெயர்ப்போ 1986-இல்தான் வெளியாயிற்று. எந்தக் கிராமத்தாரைப் பற்றி எழுதப்பட்டதோ, அந்தக் கிராமத்தார் அதைத் தங்கள் மொழியில் காண 47 வருஷங்கள் காத்திருக்கவேண்டியதாயிற்று. ஏன் என்பதைப் பின்னர் காண்போம்.

லண்டனிலிருந்து அவர் திரும்பியபோது தேசத்தின் பெரும் பகுதி ஜப்பானியர் வசமாகியிருந்தது. தென்மேற்கிலுள்ள யுன்னான் மாகாணத்தின் தலைநகரான குன்மிங்கில் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை அவர் நடத்தினார். விமானத் தாக்குதல் மிகுந்தபோது அந்நிலையம் 1940-இல் நகருக்கு வெளியே ஒரு பழைய கோயில் மண்டபத்துக்கு மாறியது. மழை ஒழுகும் அந்த மண்டபத்தில் கூடிய இளைஞர்கள், பயிர்த்தொழிலை நம்பிய கிராமம், கைத்தொழிலை நம்பிய கிராமம், பட்டணத்துச் சந்தையை அடுத்த கிராமம் ஆகிய மூன்றை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சி 1945-இல் அமெரிக்காவில் நூலாக வெளிவந்தது. அவருடைய சகா ஷி குவோஹெங் குன்மிங்கின் தொழிற்சாலையொன்றில் தொழிலாளருடன் தங்கி அவர்களுடைய நிலையை ஆராய்ந்தார். கிராமங்களிலிருந்து வந்தவர்களில் பலர் பட்டாளத்துக்குப் பிடித்துச் செல்லப்படாமல் தப்புவதற்காகவே ஆலையில் சேர்ந்தனர் என்றும், ஆலையைத் தமது இடமாக அவர்கள் கருதவில்லை என்றும் அவர் கண்டார். யந்திரத்தை வாங்கிவிடலாம், அதைச் சுற்றி மனிதர்களை ஒரு சமூகமாகச் சேர்ப்பதே அரிது என்னும் பாடம் கைஷியன்குங்கைப் போலவே குன்மிங்கிலும் கிடைத்தது.

1946-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் கவிஞரும் பேராசிரியருமான வென் யீதுவோ குன்மிங் வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோமின்டாங் ஆட்சியைக் கண்டித்த ஃபெய்யின் உயிருக்கும் ஆபத்து ஏற்படவே, அவர் குடும்பத்துடன் அமெரிக்கக் கான்ஸல் காரியாலயத்தில் அடைக்கலம் புகுந்தார். பின்னர் சிறிது காலம் இங்கிலாந்தில் தங்கிப் பெய்ஜிங் திரும்பி, தம் நூல்களுள் மிகவும் பிரசித்தி பெற்றதை 1948-இல் வெளியிட்டார். மண்ணோடு ஒட்டிய சீனம் என்பது அதன் தலைப்பின் பொருள்.

சிறு கட்டுரைகளாலான அந்நூலின் மையக் கருத்து எளியது. மேனாட்டில் மனிதர்கள் ஒரு கட்டு விறகைப் போல் சேருகின்றனர். எந்தக் கட்டில் எந்தக் குச்சி என்பது தெளிவு. கட்டுக்குள் எல்லாரும் ஒரே விதிக்கு உட்பட்டவர்கள். சீனத்திலோ குளத்தில் கல் விழுந்தால் எழும் அலைகளைப் போல ஒவ்வொரு மனிதனைச் சுற்றியும் உறவு வட்டம் வட்டமாக விரிகிறது. அருகில் இருப்பவனுக்கு ஒரு நியாயம், தூரத்தில் இருப்பவனுக்கு வேறு நியாயம். செல்வாக்கு மிகுந்தவனின் வட்டம் பெரிது. அது குறைந்தால் வட்டமும் சுருங்கும். ஆகையால் பொதுச்சொத்து என்பது யாருக்கும் சொந்தமில்லாத சொத்தாகிவிடுகிறது. இது ஜனங்களின் தீய குணமன்று. அவர்களுடைய சமூகம் கட்டப்பட்டிருக்கும் முறையின் விளைவு என்றார் ஃபெய்.

சட்டத்தைப் பற்றி அவர் எழுதிய பகுதி வக்கீல்கள் ஒவ்வொருவரும் படிக்கத் தக்கது. தன் மனைவியோடு தகாத உறவு கொண்டவனைக் கணவன் அடித்துவிட்டான். அடிபட்டவன் புதிய நியாயஸ்தலத்தில் வழக்குத் தொடர்ந்தான். கிராமத்து வழக்கப்படி அவனே குற்றவாளி. புதிய சட்டப்படியோ அடித்தவனே குற்றவாளி. இவ்வாறு ஜனங்களின் நியாய உணர்ச்சிக்கு ஒவ்வாத நியாயஸ்தலத்தை ஊருக்குள் கொண்டு வந்தால், பழைய ஒழுங்கு கலையும். புதிய ஒழுங்கு பிறவாது. கயவர்களே சட்டத்தின் துணையை நாடுவார்கள் என்று அவர் எச்சரித்தார். சட்டம் வேண்டாம் என்பதன்று அவர் வாதம். அதைத் தாங்கும் சமூகத்தையும் உடன் அமைக்க வேண்டும் என்பதே.

1949-இல் ஆட்சி மாறியது. தேசத்தை விட்டுச் செல்ல வாய்ப்பிருந்தும் ஃபெய் தங்கினார். ஆனால் 1952-இல் சர்வகலாசாலைகளைத் திருத்தியமைத்தபோது சமூக சாஸ்திரப் படிப்பே ஒழிக்கப்பட்டது. சமூகத்தின் விதிகளைப் புரட்சித் தத்துவம் ஏற்கெனவே கண்டறிந்துவிட்டதாகக் கருதிய சர்க்காருக்கு, கிராமங்களுக்குச் சென்று விசாரிப்போர் தேவைப்படவில்லை. ஃபெய் சிறுபான்மை மக்களினங்களைப் பற்றிய வேலைக்கு மாற்றப்பட்டார்.

1957-ஆம் வருஷம் விமரிசனத்தை வரவேற்பதாகக் கட்சித் தலைமை அறிவித்தது. அறிவாளிகளின் மனநிலை இன்னும் முன்வசந்தத்துக் குளிரை ஒத்திருக்கிறது என்னும் பொருள்பட ஃபெய் மார்ச்சு மாதத்தில் ஒரு கட்டுரை எழுதினார். 21 வருஷங்களுக்குப் பிறகு கைஷியன்குங் சென்று பார்த்தார். கூட்டுப் பண்ணையில் நெல் விளைச்சல் பெருகியிருந்தது. ஆயினும் பட்டு முதலிய உபதொழில்கள் கைவிடப்பட்டதால் குடியானவரின் கையில் காசில்லை. வயல் மட்டும் போதாது. கிராமத்தில் தொழிலும் வேண்டும் என்று பகிரங்கமாக எழுதினார். அந்தக் கட்டுரைத் தொடர் முடிவதற்குள் காற்று திசை மாறியது. அவர் வலதுசாரி என்று முத்திரை குத்தப்பட்டார். அவருடைய ஆசிரியர் வூ வென்சாவுக்கும் அதே கதி நேர்ந்தது. ஜூலை மாதத்தில் ஃபெய் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டு பகிரங்கமாக அறிக்கை விடுத்தார்.

இந்த அறிக்கையை அவருடைய வாழ்வில் ஒரு களங்கம் என்று கூறுவோர் உண்டு. நாம் அதை மறைக்க விரும்பவில்லை. கண்ணால் கண்டதைக் காணவில்லை என்று ஒரு சாஸ்திரி சொல்ல நேர்ந்தது துக்ககரமானதே. ஆனால் போலீஸார் முன்னிலையில் செய்த ஒப்புதல் வாக்குமூலத்தை நமது சட்டம் சாட்சியமாக ஏற்பதில்லை. அச்சத்தில் பிறந்த சொல்லுக்கு மதிப்பில்லை என்பதே அதன் காரணம். ஒரு தேசம் முழுவதும் விசாரணை அறையாக மாறிய காலத்துச் சொல்லுக்கும் அதே நியாயத்தை வழங்குவதே முறை. குற்றம் அவரைச் சொல்ல வைத்தவர்களுடையது. அடுத்து வந்த வருஷங்களில் சர்க்கார் குடியானவர்களைப் பெருங்கம்யூன்களாகத் திரட்டியது. 1959 முதல் 1961 வரை நீடித்த பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் மாண்டனர். கிராமத்து உண்மையைச் சொன்னவர்களின் வாயை அடைத்துவிட்ட ஆட்சிக்குப் பொய்க் கணக்குகளே வந்து சேர்ந்தன.

கலாசாரப் புரட்சியில் ஃபெய் கக்கூஸ் கழுவும் வேலைக்கு விடப்பட்டார். பிறகு ஹூபெய் மாகாணத்து முகாமொன்றில் வயல் வேலை செய்தார். 1972-இல் பெய்ஜிங் திரும்பித் தம் ஆசிரியர் வூவுடனும் அவருடைய மனைவியும் எழுத்தாளருமான பிங் ஷின்னுடனும் சேர்ந்து, எச். ஜி. வெல்ஸின் உலக சரித்திரத்தை மொழிபெயர்த்தார். 47-ஆவது வயதில் பறிக்கப்பட்ட பேனா அவருடைய 70-ஆவது வயதை ஒட்டியே திரும்பக் கிடைத்தது. 1979-இல் சமூக சாஸ்திரம் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது, அதன் சங்கத்துக்கு அவரே முதல் தலைவரானார். 1980-ஆம் வருஷ இறுதியில் மாவோவின் மனைவி முதலியோரை விசாரித்த விசேஷ நீதிமன்றத்தின் நீதிபதிகளுள் ஒருவராகவும் அமர்த்தப்பட்டார். அவ்விசாரணையின் முறைகளைப் பற்றிச் சட்டம் அறிந்தவர்கள் குறை கூறலாம். எனினும், விசாரணையே இன்றித் தண்டிக்கப்பட்டவர் நீதிபதியாக அமர்ந்தது காலத்தின் விசித்திரமே.

பதவியும் பட்டமும் வந்தபின் அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1981-இல் மூன்றாம் முறை கைஷியன்குங் சென்றார். பிறகு மேலும் பல முறை சென்றார். அவர் பிறந்த வூஜியாங் வட்டாரத்தின் சிறு பட்டணங்களை ஆராய்ந்து 1983-இல் அறிக்கை தந்தார். பட்டுக்குப் பேர்போன ஷெங்சே, பழைய நிலச்சுவான்தார்கள் வாழ்ந்த துங்லி முதலிய பட்டணங்கள் வியாபாரம் தடுக்கப்பட்டதால் வாடிப்போயிருந்தன. அவை தழைத்தால் கிராமத்தார் பயிர்த்தொழிலை விட்டாலும் ஊரை விடாமல் பிழைக்கலாம் என்று அவர் வாதித்தார். கியாங்சுவில் கிராமத் தொழிற்சாலைகள் பெருகியது அவ்வாதத்துக்கு வலிமை தந்தது. 1957-இல் குற்றமாகக் கருதப்பட்ட அதே கருத்து இப்போது சர்க்காரின் கொள்கையோடு இசைந்தது. 1994-இல் அவருக்கு மக்ஸேஸே பரிசு வழங்கப்பட்டது.

அவருடைய முடிவுகள் யாவும் பலித்தன என்று நாம் சொல்லவில்லை. 1990-களில் கிராமத் தொழிற்சாலைகள் பல தனியார் வசமாயின. கோடிக்கணக்கான இளைஞர்கள் ஊரை விட்டுப் பெருநகரங்களுக்கே சென்றனர். ஒரு சிற்றூரைக் கொண்டு பெருந்தேசத்தை அறிய முடியுமா என்று லண்டனில் அவருடன் பயின்ற எட்மண்ட் லீச் 1982-இல் கண்டித்தார். ஒரு கிராமம் எல்லாக் கிராமங்களுக்கும் பிரதிநிதி ஆகாது. ஆயினும் வகை வகையாகப் பல கிராமங்களைப் பார்த்து ஒப்பிட்டால் முழுமையை நோக்கி நெருங்கலாம் என்பது ஃபெய்யின் விடை. அவர் முடிவுகளைக் காட்டிலும் அவருடைய முறையே நிலைக்கத் தக்கது என்பது நமது அபிப்பிராயம்.

2005-ஆம் வருஷம் ஏப்ரல் 24-ஆம் தேதி, 94-ஆவது வயதில், ஃபெய் பெய்ஜிங்கில் காலமானார். கைஷியன்குங்கில் பட்டாலை நிறுவிய தமக்கை நூறு வயதைக் கடந்து, அதே வருஷத்தில் மறைந்தார். சங்கம், கூட்டுறவு, பஞ்சாயத்து, கட்சி என்று புதிய ஸ்தாபனங்களைத் தோற்றுவிக்க விரும்புவோர் எல்லா நாடுகளிலும் உள்ளனர். விதிகளை எழுதும் முன், அவற்றின்கீழ் வாழப்போகும் ஜனங்கள் இப்போது எவ்வாறு ஒருவரையொருவர் நம்புகிறார்கள் என்று சென்று பார்ப்பவர்கள் சிலரே. அப்படிச் சென்று பார்த்து வந்து சொல்லுபவனுடைய சொல் கசந்தாலும், அவனுடைய வாயை அடைக்காதிருப்பதே ஆளுவோர்க்கு விவேகம். 1957-ஆம் வருஷத்துச் சீனம் அந்த விவேகத்தை இழந்தது. அந்த நஷ்டத்தைத் தாங்கியவர்கள் ஆட்சியாளர்கள் அல்லர். வயலில் நின்ற குடியானவர்களே.